மனச்சோர்வின் மூளை உயிரியல்

மனச்சோர்வு மனத்தோடு நின்றுவிடும் நோய் அன்று. விடியலுக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. மறுபடி தூக்கம் பிடிப்பதில்லை. பசி அடங்கி எடை குறைகிறது. சிலருக்கு இதற்கு நேர்மாறாகப் பசியும் தூக்கமும் அளவு மீறுகின்றன. நடையும் பேச்சும் மெதுவாகின்றன. படித்த வரியையே திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறது. பிடித்த பாட்டு, பேரக்குழந்தையின் வருகை, ருசியான சாப்பாடு எதுவும் உள்ளே இறங்குவதில்லை. தமிழ்நாட்டு மருத்துவமனைகளுக்கு வரும் நோயாளிகள் பலர் ‘மனசு சரியில்லை’ என்று சொல்வதில்லை. உடம்பு வலி, அசதி, தலை பாரம், நெஞ்சுப் படபடப்பு என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பிழையில்லை. தூக்கம், பசி, அசைவு, கவனம், வலி, இன்பம் ஆகியவற்றை ஆளும் மூளைப் பகுதிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அந்தப் பின்னலில் விழும் கோளாறு எல்லாத் திசைகளிலும் வெளிப்படுகிறது.

இன்றைக்கும் இந்த நோயை அறிகுறிகளை எண்ணித்தான் கண்டறிகிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வரையறைப்படி, ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரங்களுக்குத் தொடர்ந்து இருக்க வேண்டும். தாழ்ந்த மனநிலை, ஆர்வமிழப்பு ஆகிய இரண்டில் ஒன்று அந்த ஐந்தில் கட்டாயம் இருக்க வேண்டும். இந்தக் கணக்கின்படி, மனச்சோர்வு என்று ஒரே பெயரில் பதிவாகும் இரண்டு நோயாளிகளுக்குப் பொதுவாக ஒரே ஓர் அறிகுறிதான் இருக்கிறது என்ற நிலையும் வரலாம். மூளை ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்கு இது முக்கியமான காரணம். பல வேறு உயிரியல் கோளாறுகள் ஒரே பெயருக்குக் கீழே சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே இந்தத் துறையின் ஒவ்வொரு கண்டுபிடிப்பையும் படிக்க வேண்டும்.

நோயின் பரப்பு பெரிது. 2019இல் உலகில் சுமார் 28 கோடிப் பேர் மனச்சோர்வோடு வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, இந்தியாவில் இருபது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்நோய் வந்திருப்பதைக் காட்டியது.

மருந்திலிருந்து பிறந்த கோட்பாடு

மனச்சோர்வைப் பற்றிய மூளை வேதியியல், நோயை ஆராய்ந்து கிடைத்தது அன்று. வேறு நோய்களுக்குக் கொடுத்த மருந்துகளின் எதிர்பாராத விளைவுகளிலிருந்து அது தொடங்கியது. அதன் முதல் அத்தியாயம் இந்தியாவில் எழுதப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. சர்ப்பகந்தி வேர் மனநோய்க்கும் உயர் ரத்த அழுத்தத்துக்கும் பயன்படுவதை 1931இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் மருத்துவ இதழில் எழுதினார்கள். பம்பாயைச் சேர்ந்த இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949இல் பிரிட்டிஷ் இதழ் ஒன்றில் வெளியிட்ட கட்டுரைதான் மேற்குலகின் கவனத்தை இந்த வேரின் பக்கம் திருப்பியது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனம் அதிலிருந்து ரெசர்பைன் என்ற வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தது. ரத்த அழுத்தத்துக்காக ரெசர்பைன் சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கடுமையான சோர்வு வந்ததாக மருத்துவர்கள் எழுதத் தொடங்கினார்கள். 1955இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் பெர்னார்டு பிராடியின் குழு, ரெசர்பைன் மூளையிலுள்ள செரோட்டோனினை வடியவைத்துவிடுகிறது என்று காட்டியது.

இதே ஆண்டுகளில் எதிர்த்திசையிலிருந்து இரண்டு சான்றுகள் வந்தன. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவிலுள்ள சீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு 1952இல் இப்ரோனியாசிட் கொடுத்துப் பார்த்தார்கள். படுத்த படுக்கையாக இருந்தவர்கள் எழுந்து நடமாடினார்கள். நுரையீரல் தேறிய அளவுக்கு மீறிய உற்சாகம் அவர்களிடம் தெரிந்தது. செரோட்டோனின், நார்அட்ரினலின், டோபமின் ஆகியவற்றைச் சிதைக்கும் நொதியை அந்த மருந்து தடுக்கிறது என்பதும் தெரியவந்தது. சுவிட்சர்லாந்தின் மூன்ஸ்டர்லிங்கன் மனநல மருத்துவமனையில் ரோலண்ட் கூன், மனச்சிதைவுக்காகத் தயாரான இமிப்ரமின் என்ற பொருள் அந்நோய்க்குப் பயன்படாமல் மனச்சோர்வுக்குப் பயன்படுவதைக் கண்டு 1957இல் வெளியிட்டார். நரம்பணுக்கள் தாம் வெளியிட்ட வேதிப்பொருளைத் தாமே திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன என்பதையும், இமிப்ரமின் அந்த உறிஞ்சலைத் தடுக்கிறது என்பதையும் ஜூலியஸ் ஆக்செல்ராட் கண்டறிந்தார். 1970இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வடியவைத்தால் சோர்வு, சேர்த்துவைத்தால் தெளிவு. இந்த இரண்டையும் இணைத்து, நார்அட்ரினலின் குறைவே மனச்சோர்வு என்று 1965இல் ஜோசப் ஷில்ட்கிரௌட் எழுதினார். செரோட்டோனின் குறைவே காரணம் என்று 1967இல் இங்கிலாந்தின் அலெக் காப்பன் வாதிட்டார். 1987 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபுளூவாக்செட்டின், செரோட்டோனினின் மீள் உறிஞ்சலை மட்டும் குறிவைத்துத் தடுத்தது. அதன்பின் ‘மூளையில் ஒரு ரசாயனம் குறைந்துவிட்டது’ என்ற விளக்கம் விளம்பரங்கள் வழியாகவும் மருத்துவர் அறைகள் வழியாகவும் உலகெங்கும் பரவியது.

இந்த விளக்கம் ஆய்வுக்கூடத்தில் தாக்குப்பிடிக்கவில்லை. மருந்து சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே மூளையில் மீள் உறிஞ்சல் தடைபடுகிறது. நோய் தணிவதற்கோ இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகின்றன. குறைவுதான் நோய் என்றால் நிறைவு வந்த அன்றே நோய் போயிருக்க வேண்டும். டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தைக் கொண்டே உடல் செரோட்டோனினைத் தயாரிக்கிறது. உணவில் டிரிப்டோஃபானை நீக்கிச் செரோட்டோனினைக் குறைக்கும் சோதனைகளில், நோயே வந்திராத பெரும்பாலோரின் மனநிலை மாறவில்லை. ஆனால் செரோட்டோனின் மருந்தால் அண்மையில் குணமானவர்களில் பலருக்குச் சில மணி நேரத்தில் சோர்வு திரும்பியது. அப்படியானால் செரோட்டோனினுக்கு இதில் தொடர்பு உண்டு, ஆனால் அதன் குறைவு மட்டுமே நோயை உண்டாக்குவதில்லை என்று ஆகிறது. இத்தகைய ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2022இல் ஜோனா மான்கிரிஃப் குழுவினர் வெளியிட்ட மதிப்பீடு, மனச்சோர்வு உள்ளவர்களுக்குச் செரோட்டோனின் குறைவாக இருக்கிறது என்பதற்கு நிலையான சான்று இல்லை என்றது. துறை சார்ந்தவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. பொதுமக்களுக்கு அதிர்ச்சியாக இருந்தது.

அந்த அதிர்ச்சியில், மருந்துகளே பொய் என்று சிலர் முடிவுகட்டினார்கள். அது அவசர முடிவு. மருந்து எங்கே வேலை செய்கிறது என்பது ஒரு கேள்வி, நோய் எங்கே பிறக்கிறது என்பது வேறொரு கேள்வி. 21 மருந்துகளைப் பற்றிய 522 சோதனைகளை, 1,16,477 நோயாளிகளின் தரவுகளோடு ஆராய்ந்து 2018இல் லான்செட் இதழில் வெளியான பகுப்பாய்வில், எல்லா மருந்துகளும் போலி மாத்திரையைவிட மேலான பலன் தந்தன. பலனின் அளவு மிதமானதே. அமெரிக்காவில் நடந்த ஸ்டார்-டி என்ற பெரிய ஆய்வில் முதல் மருந்திலேயே முழுக் குணம் கண்டவர்கள் மூன்றில் ஒரு பங்கினர்தான். மருந்துக்கும் குணத்துக்கும் இடைப்பட்ட அந்தச் சில வாரங்களில் மூளைக்குள் நடப்பது என்ன என்பதே அடுத்த முப்பது ஆண்டு ஆராய்ச்சியை நடத்திச் சென்ற கேள்வி.

அழுத்தமும் கார்டிசாலும்

ஆபத்து என்று மூளை உணர்ந்ததும் ஹைப்போதலாமஸ் சி.ஆர்.எச் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி வெளியிடும் ஹார்மோன் சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, ரத்தத்தில் கார்டிசால் ஏறுகிறது. சர்க்கரை ரத்தத்துக்கு வருகிறது, விழிப்பு கூடுகிறது, அப்போதைக்கு அவசரமில்லாத உடல் வேலைகள் பின்தள்ளப்படுகின்றன. ஆபத்து நீங்கியதும் இந்தக் கார்டிசாலே மூளைக்குத் திரும்பிச் சென்று ‘போதும்’ என்று சொல்லி ஹைப்போதலாமஸை அடக்க வேண்டும். அந்தச் செய்தியை ஏற்கும் வாங்கிகள் ஹிப்போகாம்பஸ் என்ற நினைவுப் பகுதியில் நிறைந்திருப்பதை 1968இல் நியூயார்க்கின் புரூஸ் மெக்யூவன் கண்டறிந்தார். அழுத்தத்தின் ஹார்மோன் நினைவின் இருப்பிடத்தைத் தேடிச் செல்கிறது என்பது அன்று யாரும் எதிர்பாராத செய்தி.

கடும் மனச்சோர்வு உள்ளவர்களில் கணிசமானோரிடம் இந்த அடங்கும் பொறி சரியாக இயங்குவதில்லை. டெக்சாமெத்தசோன் என்ற செயற்கை ஸ்டீராய்டை இரவில் கொடுத்தால் மறுநாள் கார்டிசால் தணிந்திருக்க வேண்டும், இவர்களிடம் தணிவதில்லை. 1981இல் பெர்னார்டு கேரல் இதையே நோய் கண்டறியும் சோதனையாக முன்வைத்தார். ஆனால் வேறு நோய்களிலும் உடல் எடை இழப்பிலும் இதே முடிவு வந்ததால் சோதனை கைவிடப்பட்டது. எனினும் அது காட்டிய உண்மை நிற்கிறது. கட்டி காரணமாகக் கார்டிசால் மிகுந்துபோகும் குஷிங் நோயில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு மனச்சோர்வு வருகிறது. கார்டிசாலைக் குறைத்தால் அவர்களில் பலருக்குச் சோர்வும் விலகுகிறது. நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களிடம் சோர்வு, மிகையுற்சாகம் என்ற இரண்டு பக்க மாற்றங்களும் தென்படுகின்றன.

கார்டிசால் நெடுநாள் ஓங்கி நிற்கும்போது ஹிப்போகாம்பஸின் நரம்பணுக்கள் தங்கள் கிளைகளைச் சுருக்கிக்கொள்கின்றன. விலங்குகளில் இதை நுண்ணோக்கியில் பார்க்க முடிகிறது. மனிதர்களில் எம்.ஆர்.ஐ மூலம் முதலில் காட்டியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரைச் சேர்ந்த இவெட் ஷெலைன். அவர் கட்டுரை 1996இல் வந்தது. பல நாட்டு ஆய்வுக் குழுக்கள் சேர்ந்த எனிக்மா கூட்டமைப்பு 1,728 நோயாளிகளையும் 7,199 நலமானவர்களையும் ஒப்பிட்டு 2016இல் வெளியிட்ட முடிவில், நோயாளிகளின் ஹிப்போகாம்பஸ் சராசரியாக 1.24 விழுக்காடு சிறியதாக இருந்தது. நோய் திரும்பத் திரும்ப வந்தவர்களிடம்தான் இந்தக் குறைவு தெளிவாகத் தெரிந்தது. இந்த எண்ணை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு கூட்டத்தின் சராசரியில் தெரியும் 1.24 விழுக்காடு தனி மனிதர் ஒருவரின் படத்தில் எதையும் சொல்லாது. ‘மனச்சோர்வில் மூளை சுருங்கிவிடும்’ என்று நோயாளியைப் பயமுறுத்துவோர் இந்த எண்ணின் சிறுமையை மறைக்கிறார்கள். சுருங்குவதில் பெரும்பகுதி அணுக்களின் சாவால் நேர்வதில்லை. கிளைகளும் இணைப்புகளும் குறைவதால் நேர்கிறது. குறைந்தது மறுபடி வளரக்கூடியது.

அந்த மறுவளர்ச்சியே மருந்தின் தாமதத்துக்குப் பெரும்பாலான ஆய்வாளர்கள் இன்று தரும் விளக்கம். பி.டி.என்.எஃப் என்ற புரதம் நரம்பணுக்கள் கிளைவிடவும் இணைப்புகளைப் பேணவும் தேவை. அழுத்தம் ஹிப்போகாம்பஸில் அதைக் குறைக்கிறது. வாரக்கணக்கில் கொடுக்கப்படும் மருந்து அதைக் கூட்டுகிறது. மின்னதிர்வுச் சிகிச்சையும் உடற்பயிற்சியும்கூட விலங்குகளில் அதைக் கூட்டுகின்றன. யேல் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் டூமனும் சகாக்களும் 1997இல் இதைக் கோட்பாடாக்கினார்கள். 2021இல் பின்லாந்தின் ஈரோ காஸ்ட்ரென் குழு, ஃபுளூவாக்செட்டின் போன்ற மருந்துகள் அப்புரதத்தின் வாங்கியோடு நேரடியாகவே பிணைவதாகக் காட்டியது. எலிகளில் புதிய நரம்பணுக்கள் பிறப்பதைத் தடுத்துவிட்டால் மருந்தின் சில பலன்கள் மறைந்துவிடுகின்றன என்று கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ரெனே ஹென் குழு 2003இல் காட்டியது. வளர்ந்த மனிதரின் ஹிப்போகாம்பஸில் புதிய அணுக்கள் பிறக்கின்றனவா என்பதில் 2018இல் வெளியான இரண்டு ஆய்வுகள் நேரெதிர் முடிவுகளைச் சொல்ல, அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் விதிதா வைத்யாவின் ஆய்வுக்கூடம், செரோட்டோனின் நரம்பணுக்களில் புதிய மைட்டோகாண்ட்ரியாக்கள் உருவாகத் தூண்டுவதை 2019இல் கண்டறிந்தது. செய்தி கடத்துவதோடு அணுவின் ஆற்றல் உற்பத்தியையும் செரோட்டோனின் தீர்மானிக்கிறது என்ற இந்தக் கண்டுபிடிப்பு, பழைய ‘ரசாயனக் குறைவு’ விளக்கத்திலிருந்து துறை எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதற்கு நல்ல அடையாளம்.

அழுத்தப் பொறியின் அடங்கும் திறன் குழந்தைப் பருவத்திலேயே பெருமளவு தீர்மானமாகிவிடுகிறது. மாண்ட்ரியலின் மைக்கேல் மீனி தாய் எலிகளைக் கவனித்தார். குட்டிகளை அதிகம் நக்கிப் பேணும் தாய்களின் குட்டிகள் வளர்ந்தபின் அழுத்தத்தை எளிதில் தாங்கின. அவற்றின் ஹிப்போகாம்பஸில் கார்டிசால் வாங்கிக்கான மரபணு திறந்து கிடந்தது. பேணப்படாத குட்டிகளில் அதே மரபணுவின் மேல் மெத்தில் தொகுதிகள் ஒட்டி அதை மூடியிருந்தன. குட்டிகளைத் தாய் மாற்றி வளர்த்தபோது பிறப்பை ஒட்டாமல் வளர்ப்பை ஒட்டியே முடிவு அமைந்தது. 2004இல் இது வெளியானது. ஐந்து ஆண்டுகள் கழித்து, தற்கொலையால் இறந்தவர்களின் மூளைத் திசுக்களை அதே குழு ஆராய்ந்தது. சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களின் திசுக்களில் அதே மரபணுவில் அதே வகை மூடல் இருந்தது. கொடுமை அனுபவிக்காதவர்களிடம் இல்லை. குழந்தையை அடித்து வளர்ப்பதைக் கண்டிப்பு என்று நியாயப்படுத்தும் சமூகங்கள் இந்த முடிவைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

விரைவு மருந்துகள்

மயக்க மருந்தான கெட்டமின் 2000இல் இத்துறையின் நேரக் கணக்கையே மாற்றியது. யேல் ஆய்வாளர்கள் ஏழு நோயாளிகளிடம் அதைச் சிறிய அளவில் சோதித்தார்கள். 2006இல் கார்லோஸ் சராட்டே, மற்ற மருந்துகளுக்கு மசியாத 18 பேரிடம் சோதித்தபோது இரண்டு மணி நேரத்துக்குள் சோர்வு தணியத் தொடங்கி, ஒரு நாளில் 71 விழுக்காட்டினருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கிடைத்தது. பலன் நிரந்தரமில்லை, ஒரே ஊசியின் விளைவு பெரும்பாலோருக்குச் சில நாட்களில் தேய்ந்துவிடுகிறது.

கெட்டமின் குறிவைப்பது செரோட்டோனினை அன்று. மூளையின் முதன்மைத் தூண்டு பொருளான குளுட்டமேட்டின் ஒரு வாங்கியை. அதைத் தடுத்ததும் தொடர்ச்சியாக நடக்கும் மாற்றங்களின் முடிவில் நரம்பணு புதிய இணைப்பு முட்களை வளர்க்கிறது. எலியின் முன்மூளையில் ஒரே நாளில் இம்முட்கள் முளைப்பதை 2010இல் டூமன் குழு படம்பிடித்தது. முட்கள் முளைப்பதற்கு முன்பே நடத்தை தேறிவிடுகிறது, தேறியது நிலைப்பதற்குத்தான் முட்கள் தேவை என்று கானர் லிஸ்டன் குழு 2019இல் காட்டியது. கெட்டமினின் மாற்றுவடிவமான எஸ்கெட்டமின் மூக்குத் தெளிப்பானுக்கு அதே 2019 மார்ச்சில் அமெரிக்கா அனுமதி தந்தது. மனம் உடலிலிருந்து விலகி நிற்பதுபோன்ற உணர்வு, ரத்த அழுத்த ஏற்றம், பழக்கமாகிவிடும் ஆபத்து ஆகியவை இருப்பதால் மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே இது தரப்படுகிறது.

பிரசவத்துக்குப் பின் வரும் சோர்வு வேறொரு கதவைத் திறந்தது. கர்ப்பத்தில் பலமடங்கு ஏறியிருக்கும் அல்லோபிரெக்னனலோன் என்ற ஸ்டீராய்டு, பிள்ளை பிறந்ததும் சட்டென விழுந்துவிடுகிறது. மூளையின் முதன்மை அடக்கு பொருளான காபாவின் வேலைக்கு அது துணை நிற்பது. அதே பொருளை 60 மணி நேரம் நரம்பு வழியாகச் செலுத்தும் பிரெக்சனலோன் 2019இலும், 14 நாள் விழுங்கும் மாத்திரையான சுரனலோன் 2023இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. ‘பிள்ளை பெற்றவள் அழக்கூடாது’ என்று அதட்டப்படும் பெண்ணின் அழுகைக்குப் பின்னால் உண்மையான ஹார்மோன் சரிவு இருக்கலாம்.

எந்த இடத்தில்?

வேதியியலிலிருந்து இடவியலுக்கு ஆய்வு நகர்ந்தது 1990களில். மூளையின் நடுக்கோட்டில், முன்புறம், கார்ப்பஸ் கலோசம் என்ற இணைப்புப் பாலத்துக்குக் கீழே சுருண்டிருக்கும் சிறு பகுதி ஒன்று உண்டு; புரோட்மன் 1909இல் வரைந்த மூளை வரைபடத்தில் அதன் எண் 25. 1997இல் வெய்ன் டிரெவெட்ஸும், 1999இல் ஹெலன் மேபெர்க்கும் மனச்சோர்வில் இப்பகுதி மாறுவதைக் காட்டினார்கள். நலமானவர்களைத் துயர நினைவில் ஆழ்த்தினாலே இங்கே செயல் ஓங்குகிறது. குணமாகும் நோயாளிகளிடம் இங்கே செயல் தணிகிறது. ஒரு பக்கம் ஹைப்போதலாமஸ், அமிக்டலா, மூளைத்தண்டு. மறுபக்கம் சிந்தித்து முடிவெடுக்கும் முன்மூளைப் புறணி. இரண்டையும் இணைக்கும் சந்திப்பில் 25ஆம் பகுதி அமர்ந்திருப்பதால், உடம்பும் எண்ணமும் ஒருசேர நோயுறுவதற்கு இங்கே ஒரு விடை கிடைக்கிறது.

மேபெர்க்கும் ஆண்ட்ரஸ் லொசானோவும் 2005இல் டொரண்டோவில் எந்தச் சிகிச்சைக்கும் மசியாத ஆறு பேரின் 25ஆம் பகுதியில் மின்முனைகளைப் பொருத்தினார்கள். ஆறு மாதத்தில் நான்கு பேர் தேறியிருந்தார்கள். பெரும் நம்பிக்கை எழுந்தது. ஆனால் 90 பேரிடம் நடந்த கட்டுப்படுத்தப்பட்ட சோதனை, ஆறு மாத முடிவில் உண்மைத் தூண்டலுக்கும் போலித் தூண்டலுக்கும் வேறுபாடு காட்டாததால் நிறுத்தப்பட்டது. தூண்டலைத் தொடர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இரண்டு ஆண்டில் தேறியிருந்தது பின்னர் தெரிந்தது. ஆனால் ஒப்பீடு இல்லாத அந்தத் தேறலை அறுதியான சான்றாகக் கொள்ள முடியாது. தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பைச் செலுத்தும் முறைக்கு 2008இல் அமெரிக்கா அனுமதி தந்தது. இடது முன்மூளைப் புறணியில் 25ஆம் பகுதியோடு எதிர்ப்போக்கில் இயங்கும் இடத்தைத் தேர்ந்து தூண்டினால் பலன் கூடுகிறது என்ற மைக்கேல் ஃபாக்ஸின் 2012 ஆய்வு, இடத்தைத் துல்லியமாகத் தேர்வதன் அவசியத்தை உணர்த்தியது.

இன்பமிழப்புக்கு வேறு பாதை. நடுமூளையிலிருந்து நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற பகுதிக்குச் செல்லும் டோபமின் இழைகள் ‘இதற்காக முயலலாம்’ என்ற உந்துதலைத் தருபவை. அந்த இழைகளை அடக்குவதில் பங்குள்ள இடம் ஹபெனுலா என்ற பட்டாணிக்கும் சிறிய பகுதி. எதிர்பார்த்த பரிசு கிடைக்காதபோது குரங்குகளில் அதன் அணுக்கள் துடிப்பதை ஜப்பானிய ஆய்வாளர் ஒக்கிஹிடே ஹிக்கோசாக்கா 2007இல் பதிவுசெய்தார். சோர்வுற்ற எலிகளில் ஹபெனுலா வெடிவெடியாகத் துடிப்பதையும், கெட்டமின் அந்தத் துடிப்பை அடக்குவதையும் 2018இல் சீனாவின் ஹூ ஹைலான் குழு கண்டறிந்தது.

அழற்சி, மரபணு

கல்லீரல் அழற்சி ‘சி’ வகைக்கு முன்பு கொடுக்கப்பட்ட இன்டர்ஃபெரான் ஊசி, நோயெதிர்ப்பு மண்டலம் தானே தயாரிக்கும் புரதம். மாதக்கணக்கில் அதை எடுத்தவர்களில் நான்கில் ஒருவருக்குக் குறையாமல் மனச்சோர்வு வந்தது. முன்பு சோர்வின் தடயமே இல்லாதவர்களுக்கும் வந்தது. காய்ச்சலின்போது யாருக்கும் வரும் ஒதுங்கல், பசியின்மை, சோம்பல் ஆகியவை தொற்றை எதிர்க்க உடல் வகுத்த ஏற்பாடு. அந்த ஏற்பாடு ஓயாமல் தொடர்ந்தால் மனச்சோர்வுபோன்ற நிலை பிறக்கிறது. ஆனால் எல்லா நோயாளிகளிடமும் அழற்சி இல்லை. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி அளவு லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருப்பவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினரே. மூட்டழற்சி மருந்தான இன்ஃபிளிக்சிமாபை 2013இல் மனச்சோர்வில் சோதித்தபோது மொத்தத்தில் பலன் இல்லை, தொடக்கத்திலேயே சி.ஆர்.பி உயர்ந்திருந்தவர்களிடம் மட்டும் பலனின் அறிகுறி தெரிந்தது. முன்னே சொன்ன ‘ஒரே பெயர், பல கோளாறு’ சிக்கலுக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இரட்டையர் ஆய்வுகளின்படி மனச்சோர்வில் மரபின் பங்கு சுமார் 37 விழுக்காடு. அந்தப் பங்கு எந்த மரபணுவில் இருக்கிறது என்ற தேடல் நெடுநாள் வழிதவறியது. செரோட்டோனின் கடத்தி மரபணுவின் குட்டையான வடிவம் உள்ளவர்கள் வாழ்க்கை அழுத்தத்தில் எளிதில் சோர்கிறார்கள் என்று 2003இல் வந்த புகழ்பெற்ற ஆய்வு நூற்றுக்கணக்கான கட்டுரைகளைப் பிறப்பித்தது. பல லட்சம் பேரின் தரவுகளோடு 2019இல் சரிபார்த்தபோது அது தேறவில்லை. ஒற்றை மரபணுவைத் தேடுவதை விட்டு மரபணுத் தொகுதி முழுவதையும் அலசிய பின்பே முன்னேற்றம் வந்தது. 29 நாடுகளைச் சேர்ந்த 6,88,808 நோயாளிகளை உள்ளடக்கி 2025இல் வெளியான ஆய்வு 697 மரபு வேறுபாடுகளைக் கண்டது. ஒவ்வொன்றின் பங்கும் மிகமிகச் சிறிது. அவை பெரும்பாலும் நரம்பணு இணைப்புகளோடு தொடர்புடைய மரபணுக்களைச் சுட்டுகின்றன. ஒருவருக்கு நோய் வருமா என்று முன்கூட்டிச் சொல்ல இவை உதவமாட்டா.

இருமுனைக் கோளாறு

பைபோலார் எனப்படும் இருமுனைக் கோளாறில் சோர்வுக் காலங்களோடு பித்துநிலைக் காலங்களும் வருகின்றன. அப்போது தூக்கமே தேவைப்படாது, பேச்சு பெருக்கெடுக்கும், எண்ணங்கள் தாவும், பணம் தண்ணீராய்ச் செலவாகும். இதில் மரபின் பங்கு 60 முதல் 85 விழுக்காடு வரை. மனச்சோர்வைவிட மிக அதிகம். நரம்பணுக்களின் கால்சியம் வாயிலை அமைக்கும் மரபணு ஒன்று, மின்துடிப்பு தொடங்கும் இடத்தில் சோடியம் வாயில்களை நிலைநிறுத்தும் மரபணு ஒன்று, இரண்டும் 2008 முதல் இந்நோயோடு தொடர்புபடுத்தப்படுகின்றன. அணுக்களின் மின்துடிப்புக்கு இதில் முக்கியப் பங்கு இருக்கலாம் என்பதை இவை உணர்த்துகின்றன.

இந்நோயின் மூத்த மருந்து லித்தியம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஜான் கேட், பித்துநிலைக்குக் காரணமான நச்சு சிறுநீரில் இருக்கலாம் என்ற தவறான ஊகத்தில் நோயாளிகளின் சிறுநீரைச் சீமைப்பெருச்சாளிகளுக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்தார். யூரிக் அமிலத்தைக் கரைப்பதற்காகச் சேர்த்த லித்தியம் அவற்றை அமைதியாக்கியது. தாமே விழுங்கிப் பார்த்தபின் பத்து நோயாளிகளுக்குக் கொடுத்து, 1949இல் முடிவை வெளியிட்டார். டென்மார்க்கின் மோகன்ஸ் ஸ்கௌ 1954இல் முறையான சோதனையில் அதை உறுதிசெய்தார். காப்புரிமை பெற முடியாத எளிய உப்பு என்பதால் நிறுவனங்கள் ஆர்வம் காட்டவில்லை. அமெரிக்க அனுமதி 1970இல்தான் வந்தது. அணுவுக்குள் செய்தி பரப்பும் இனோசிட்டால் சுழற்சியையும், ஜி.எஸ்.கே-3 என்ற நொதியையும் லித்தியம் தடுக்கிறது. எது முதன்மை என்பது முடிவாகவில்லை. கலிஃபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் ஃபிரெட் கேஜ் குழு, நோயாளிகளின் தோலணுக்களை ஸ்டெம் செல்களாக்கி அவற்றிலிருந்து நரம்பணுக்களை வளர்த்தது. அந்த அணுக்கள் அளவுக்கு மீறித் துடித்தன. லித்தியம் அந்தத் துடிப்பை அடக்கியது. ஆனால் லித்தியத்தால் குணமான நோயாளிகளிடமிருந்து வந்த அணுக்களில் மட்டுமே அடக்கியது. 2015இல் வெளியான இந்த முடிவு, ஒருவருக்கு எந்த மருந்து பொருந்தும் என்பதை ஆய்வுக்கூடத் தட்டிலேயே அறியும் நாள் வரக்கூடும் என்ற எதிர்பார்ப்பைத் தந்தது. பெங்களூரில் நிம்ஹான்ஸும், என்.சி.பி.எஸ், இன்ஸ்டெம் ஆகிய உயிரியல் ஆய்வு நிறுவனங்களும் இணைந்து, கடும் மனநோய் பலருக்கு வந்த இந்தியக் குடும்பங்களிலிருந்து இத்தகைய செல்களை உருவாக்கி ஆராய்கின்றன.

மூளையின் உடற்கடிகாரமும் இங்கே முக்கியம். கடிகார மரபணு ஒன்று பழுதான எலிகள் குறைவாகத் தூங்கி, அடங்காமல் ஓடி, ஆபத்தை மதிக்காமல் நடந்துகொள்வதையும், லித்தியம் அவற்றை இயல்புக்குக் கொண்டுவருவதையும் 2007இல் கோலீன் மெக்ளங் குழு காட்டியது. மனிதர்களில் ஓரிரவு முழுவதும் விழித்திருந்தால் மனச்சோர்வு நோயாளிகளில் சுமார் பாதிப்பேருக்கு மறுநாள் சோர்வு தணிகிறது; ஒரு தூக்கம் தூங்கி எழுந்ததும் பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கோ இரவுத் தூக்க இழப்பே பித்துநிலையைக் கிளப்பிவிடக்கூடும். திருவிழா, திருமண வீடு, தேர்வு, இரவுப் பணி என்று தூக்கம் கெடும் நாட்களில் அவர்களின் குடும்பத்தார் விழிப்பாக இருப்பது முக்கியமான பாதுகாப்பு.

இவ்வளவு ஆய்வுக்குப் பிறகும் மனச்சோர்வையோ இருமுனைக் கோளாறையோ உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனையோ மூளைப் படமோ இல்லை. அப்படி ஒன்று உண்டு என்று விற்பவர்களிடம் பணத்தை இழக்கக் கூடாது. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, ரத்தசோகை ஆகியவை சோர்வைப்போலவே தோற்றமளிப்பதால் அவற்றுக்கான பரிசோதனை மட்டும் பயனுள்ளது. மனச்சோர்வுக்காக மருத்துவரிடம் செல்பவர், முன்பு எப்போதாவது தூக்கமின்றி நாள்கணக்கில் மிகையுற்சாகமாக இருந்ததுண்டா, குடும்பத்தில் அப்படி யாராவது இருந்தார்களா என்பதைத் தாமாகவே சொல்லிவிட வேண்டும். இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு மனச்சோர்வு மருந்தைத் தனியாகக் கொடுத்தால் பித்துநிலைக்குத் தள்ளிவிடக்கூடும். லித்தியம் எடுப்பவர் ரத்தத்தில் அதன் அளவையும், சிறுநீரகம், தைராய்டு நிலையையும் தவறாமல் பரிசோதிக்க வேண்டும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்பதால் பத்தாம் நாளில் மருந்தை விட்டுவிடக் கூடாது. தேறிய பின்னும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. நிம்ஹான்ஸ் ஆய்வின் கணக்கில் இந்தியாவில் மனச்சோர்வு உள்ளவர்களில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்த நேரத்திலும் கட்டணமின்றி, தமிழிலேயே அழைக்கலாம்.